ஒரு சாண்

லாபிஸில், டயர்க் கடைக்கு மேலே
ஒரு பெரிய கூடத்தைப் பலகை அடித்து
மூன்று அறையாக்கினார் முதலாளி லிம்.
பலகை தீர்ந்த இடத்தில் சுவரும் தீர்ந்தது.
கூரைக்கு ஒரு சாண் பாக்கி.

அந்த ஒரு சாண் வழியே
நடு அறையின் விளக்கு என் கொசுவலையில் விழும்.
என் விசைப்பலகைச் சத்தம் அங்கே போகும்.
அங்கே சுஹர்டி, லொம்பொக்காரர்,
பகலெல்லாம் செம்பனைக் குலையை லோரியில் ஏற்றுகிறவர்.
படியில் கண்டால் தலையசைப்போம்.
மற்றதெல்லாம் மேலே போய்வரும்.

என் பிழைப்பு மூன்று தோட்டத்துச் சம்பளக் கணக்கு.
மூன்று தரவுத்தளம், நடுவில் ஒரே நிரல்.
ஒரு தோட்டத்துக் கடன் இன்னொரு தோட்டத்துக்குத் தெரியக்கூடாது.
தாயும் பிள்ளையுமானாலும்
வாயும் வயிறும் வேறு.

நான் நம்பியிருந்த நூலகம் ஒரு தம்பி.
அண்ணனைப் பார்த்துப் பார்த்து
வேறு மொழியில் எழுதப்பட்டவன்.
அதே மூக்கு, அதே பிடிவாதம்.
ஒரு கூரையில் பல குடி வைக்கும் வித்தை
அண்ணனுக்கு உண்டு, தம்பிக்கு இல்லை.
கொண்டுவருகிறேன் என்று கைதூக்கினேன்,
கூலியில்லாமல், இரவுகளில்.

சாமான் மாற்றுவது போல் இல்லை அது.
அண்ணன் வீட்டுக் கதவு இழுத்தால் திறக்கும்,
தம்பி வீட்டுக் கதவைத் தள்ள வேண்டும்.
அண்ணன் சொல்லாமல் செய்ததை
தம்பியிடம் மூன்று முறை சொல்ல வேண்டும்.
நாற்பத்தொரு கோப்பு.
நாற்பத்திரண்டாவதை நான் பார்க்கவே இல்லை.

ஒத்திகைக்குக் கொடுத்த மறுநாள்
கிராணி சாந்தகுமாரி கூப்பிட்டார்.
"217-ஐத் திறந்தா யாரோ ரெங்கநாயகம்னு வருது.
முன்பணம் ஆயிரத்து எண்ணூறு.
எங்க தோட்டத்துல அப்படி ஆளே கிடையாதும்மா.
யாரு அது? ஏன் அவ்வளவு கடன்?"

ஒவ்வொரு தோட்டத்திலும் ஒரு 217 இருக்கிறார்.
கதவெல்லாம் பூட்டித்தான் இருந்தது.
வினவல்கள் சரியான வாசலுக்கே போயின.
ஆனால் அடிக்கடி கேட்பதை
ஞாபகத்தில் வைத்துக்கொள்ளும் கேஷ்
ஆள், 217 என்று மட்டும் குறித்திருந்தது.
எந்த வீட்டு ஆள் என்று குறிக்கவில்லை.
படுத்தபடி கூரையைப் பார்த்தபோதுதான் பிடிபட்டது.
கசிவு மேலே.

சாவிக்குள் குடியின் பெயரையும் சேர்த்தேன்.
சமமா என்று பார்க்கும் வரியில் ஒன்று,
ஹேஷ் கணக்கில் ஒன்று.
அனுப்பினேன்.
குளிர்தேசத்தில் முகம் தெரியாத ஒருவர்
இரண்டே சொல் எழுதினார்:
சோதனை எங்கே?

நியாயம்தான்.
ஒரே எண், இரண்டு குடி,
வேறு பெயர், வேறு கடன்.
இட்டுக்கட்ட வேண்டியது இரண்டு மனிதர்களை.
மணி ஒன்றரை.
விரல் தானாக எழுதியது:
சுஹர்டி, 4350.

பார்த்துக்கொண்டே இருந்தேன்.
இந்தத் தொகையை அவர் என்னிடம் சொன்னதில்லை.
ஊருக்கு அழைத்தால் சசாக்கில் பேசுவார்,
எனக்கு ஒரு சொல் புரியாது.
ஏஜெண்டுக்குத் தர வேண்டிய எண்ணை மட்டும்
மலாயில் சொல்வார்.
எம்பாட் ரிபு, பிறகு மீதி.
ஐந்து மாதமாக அது குறையவில்லை என்பது
எனக்குத் தெரியும்.
தெரியும் என்பது
அவருக்குத் தெரியாது.

அழித்தேன்.
அ, கடன் ஒன்று.
ஆ, கடன் இரண்டு.
ஓடவிட்டேன். பச்சை.
பழைய சாவியை வைத்து ஓடவிட்டேன். சிவப்பு.
அப்போதுதான் நம்பிக்கை வந்தது.

நடு அறையில் கைப்பேசி அடித்தது.
எழுந்துபோய்
விசிறியை ஒன்றிலிருந்து ஐந்துக்குத் திருகினேன்.
இறக்கை தளர்ந்த பழைய விசிறி,
கொட்டகை இடிவது போலச் சத்தம்.
அதற்கடியில் அவர் என்ன சொன்னாலும்
அவருடையது.

காலையில் படியில் நின்று கேட்டார்,
ராத்திரி அவ்வளவு வெக்கையா என்று.
ஆமாம் என்றேன்.
விடிய விடிய மழை பெய்திருந்தது.